பேரளற்றுக் குதிரைகள்: சேற்றுக்குள் வாழும் காட்டுக் குதிரைக்குக் கால் எப்படி இருக்கும்?

ஏட்டுப்பூச்சி
வணக்கம். இரண்டு வருடமாக ஒரு மாயக்கதையை இழுத்துக்கொண்டிருக்கிறேன், இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும், புதியவர்கள் சிரிக்க வேண்டாம். கதை நடக்கும் உலகத்தில் மூன்று ஆறுகள் கடலை எட்டாமலே ஒரு பெரும்பள்ளத்தில் விழுந்து பரந்து கிடக்கின்றன. குறுக்கே கடக்க ஏழு நாள் ஆகும். முழுக்கச் சேறு, பெயர் பேரளறு. உள்ளே போன மனிதன் திரும்பியதில்லை, ஆனால் காட்டுக் குதிரைகள் மட்டும் நூற்றுக்கணக்கில் அங்கே வாழ்கின்றன. துறைமுகத்தை எதிரி மறித்துவிட்டான், கப்பலில் குதிரை வருவது நின்றுபோயிற்று, அரசனுக்கோ போருக்குக் குதிரை வேண்டும். அளற்றின் ஓரத்தில் உப்பு விற்கும் ஒரு பெண்ணைப் பிடித்து வழிகாட்டச் சொல்கிறார்கள். இதுவரை சரி.

மாட்டிக்கொண்ட இடம் இதுதான்: மனிதன் புதைகிற சேற்றில் குதிரை ஏன் புதையவில்லை? முதல் வரைவில் வாத்துக்கால் மாதிரி விரலிடையில் தோல் வைத்தேன். என் மனைவி படித்துவிட்டு "இது குதிரையா வாத்தா" என்று கேட்டாள். அதோடு கை ஓடவில்லை. யாராவது உதவுங்கள்.

மாயாவி72
மாயக்கதைக்கு எதற்கய்யா இவ்வளவு கணக்கு? பறக்கும் குதிரையை ஏற்றுக்கொள்கிற வாசகன் வாத்துக்கால் குதிரையை ஏற்க மாட்டானா? எழுதிக்கொண்டே போங்கள்.

கீழக்காட்டான்
எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். கோடியக்கரைக் காட்டுக்குள் வெளிமான் பார்க்க வருகிறவர்கள் மட்டக்குதிரைகளைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். யாரும் வளர்ப்பதில்லை. எப்போதோ மனிதர்களிடமிருந்து போனவை, பல தலைமுறையாகக் காட்டிலேயே குட்டி போட்டு வாழ்கின்றன. ஒரு பக்கம் வறண்ட பசுமைக்காடு, இன்னொரு பக்கம் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, அதற்கப்பால் கடல். 1967ல் சரணாலயம் ஆக்கினார்கள், 2002ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது.

நான் சொல்ல வருவது வேறு. அந்தக் குதிரைகளுக்கு வாத்துக்கால் கிடையாது, சாதாரணக் குளம்புதான். மழைக்காலத்தில் வெளி முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது அவை எங்கே நிற்கின்றன என்று கவனித்தால் போதும். மணல்மேடு. நமக்குக் கண்ணுக்கே தெரியாத ஓரடி உயர மேடாக இருக்கும், வரிசையாக அதன்மேல்தான் போகும். மேட்டை விட்டுப் பக்கத்தில் காலை வைத்தால் நமக்கு முழங்கால் வரை போய்விடும். பேரளறு என்று நீங்கள் எழுதுவது முழுக்கச் சேறாக இருக்காது. எந்தச் சதுப்பும் அப்படி இருப்பதில்லை.

டாக்டரம்மா
கால்நடை மருத்துவர் என்ற முறையில் வருகிறேன். சேற்றுக்கு ஆகாத உடம்பு ஒன்றை வடிவமைக்கச் சொன்னால் குதிரையைத்தான் வரைய வேண்டும். மாட்டுக்கும் மானுக்கும் குளம்பு இரண்டாகப் பிளந்தது, மண் இளகினால் விரிந்துகொடுக்கும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, நானூறு கிலோ எடை அந்த நாலு சின்ன வட்டங்களில் இறங்குகிறது. அது நிற்பதே ஒற்றை விரல் நுனியில்தான். குளம்பு எப்போதும் ஈரத்தில் ஊறினால் மெத்தென்று ஆகி, அடியில் அழுகல் வந்து, நாற்றமடித்து, சீழ் கட்டும். இன்னொன்று, குதிரை மூக்கால் மட்டும்தான் மூச்சு விடும், நம்மைப் போல வாயால் சமாளிக்க முடியாது. மூக்குத்துளை சேற்றில் அமிழ்ந்தால் அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் சதுப்பில் குதிரைகள் வாழ்கின்றன. பிரான்சின் கமார்க் கழிமுகத்தில் வெள்ளைக் குதிரைகள் இருக்கின்றன (பிறக்கும்போது கறுப்பு அல்லது பழுப்பு, வளர வளர வெளுக்கும், இதைக் கதையில் வைத்துக்கொள்ளலாம்). பிரேசிலின் பந்தனால் சதுப்பில் ஆண்டுதோறும் வெள்ளத்தில் நின்று பழகிய ஓர் இனம் உண்டு. அதன் குளம்பு ஈரத்தைத் தாங்கும், தண்ணீருக்கடியில் இருக்கும் புல்லை மூக்கை நனைத்தே மேயும். சில நூறு ஆண்டுகளிலேயே இந்த அளவுக்கு உடம்பு பழகியிருக்கிறது. உங்கள் உலகத்தில் சில ஆயிரம் ஆண்டு கொடுத்தால் குளம்பு கொஞ்சம் அகலமாகலாம், உயரம் குறையலாம். வாத்துக்கால் வேண்டாம் அண்ணா, உங்கள் மனைவி சொன்னது சரி.

மாயாவி72
ஆளாளுக்குப் பாடம் எடுங்கள். கதை செத்துவிடும்.

ஏட்டுப்பூச்சி
மாயாவி அண்ணே, கோபிக்காதீர்கள், எனக்கு இது பிடித்திருக்கிறது. டாக்டரம்மா, கீழக்காட்டான், இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். படைத்தலைவனின் குதிரை புதைந்து மூழ்குகிற காட்சி ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். மெல்ல மெல்ல வயிறு, கழுத்து, கடைசியில் இரண்டு காதுகள் மட்டும் தெரிந்து அதுவும் போய்விடும், மேலே ஒரு குமிழி. நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். இது நடக்குமா?

வாத்தியார்_ஓய்வு
நடக்காது தம்பி. மன்னிக்கவும். புதைமணலோ புதைசேறோ உடம்பைவிட அடர்த்தி அதிகம். 2005ல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த டேனியல் போன் குழுவினர் இதை ஆய்வகத்தில் செய்து பார்த்து நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். மனிதன் ஏறத்தாழ இடுப்பு வரை போவான், அப்புறம் மிதப்பான். முப்பத்தேழு வருடம் இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன், தண்ணீரில் மிதக்கிற உடம்பு அதைவிடக் கனமான சேற்றில் மூழ்காது. குதிரையும் வயிறு தட்டியதும் நின்றுவிடும்.

ஆனால் காலை வெளியே எடுப்பதுதான் ஆகாத காரியம். கீழே மணல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை உருவ வேண்டுமென்றால் ஒரு நடுத்தரக் காரைத் தூக்குகிற அளவு விசை வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆக உங்கள் குதிரை மூழ்கிச் சாகாது. நின்றபடியே சாகும். வெயிலில், பசியில், ஏறிவரும் தண்ணீரில். காது மட்டும் தெரியும் காட்சியைவிட இது கொடுமையானது என்று எனக்குத் தோன்றுகிறது. நாள் முழுக்க அது உயிரோடு நின்றுகொண்டிருக்கும், படை அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போக வேண்டும்.

மூழ்கடிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. மிதக்கும் புல்மேடை. மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் பும்டி என்று சொல்வார்கள், வேரும் மக்கிய செடியும் மண்ணும் சேர்ந்து பாய் மாதிரி மிதக்கும், பார்ப்பதற்குத் தரை போலவே இருக்கும். சாங்காய் மான் அதன்மேல்தான் வாழ்கிறது. மழையில்லாக் காலத்தில் நீர் வற்றும்போது பாய் ஏரியின் அடியைத் தொடும், வேர்கள் சத்தை உறிஞ்சிக்கொள்ளும், மழையில் மறுபடி மிதக்கும். 1983ல் இத்தாய் தடுப்பணை வந்தபின் ஆண்டு முழுக்க நீர் உயர்ந்தே நிற்பதால் பாய் அடியைத் தொடுவதில்லை, மெலிந்துபோய் மானின் எடையையே தாங்காத நிலை வந்தது. மெலிந்த இடத்தில் குதிரை கால் வைத்தால் கீழே ஆழமான தண்ணீர்தான். பொத்தென்று போய்விடும். ஆனால் அது நொடியில் முடிகிற காரியம், உங்கள் மெல்ல மெல்ல மூழ்குவதெல்லாம் இல்லை.

ஏட்டுப்பூச்சி
நின்றபடியே சாகும்... இரவு தூக்கம் போச்சு சார்.

கீழக்காட்டான்
சாக விட வேண்டாம், இழுத்துவிடலாம். சின்ன வயதில் எங்கள் வாய்க்காலில் தாத்தாவின் உழவு மாடு உளையில் மாட்டிக்கொண்டது. பையன்கள் நாங்கள் கழுத்துக்கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனோம், தாத்தா குச்சியால் முதுகில் ஒன்று போட்டார். கழுத்தை இழுத்தால் கழுத்துதான் வரும், மாடு வராது என்றார். வைக்கோலும் தென்னை மட்டையும் அள்ளிப் போட்டு, வயிற்றைச் சுற்றி அகலமாகச் சாக்கு வைத்துக் கயிறு கட்டி, மண்வெட்டியால் காலோரம் சேற்றைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி ஊற்றி, நாலு பேர் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தார்கள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மாடு எழுந்து நின்றதும் செய்த முதல் காரியம் தாத்தாவை முட்டியதுதான்.

டாக்டரம்மா
உங்கள் தாத்தா சரியாகத்தான் செய்திருக்கிறார். இன்று மீட்புப் படையினர் செய்வதும் அதேதான், அகலப் பட்டையை உடம்பைச் சுற்றிப் போடுவார்கள், காலருகே குழாய் இறக்கித் தண்ணீரோ காற்றோ செலுத்தி அந்தப் பிடிப்பை உடைப்பார்கள். அதற்குள் குதிரை உதறி உதறியே களைத்துவிடும். சேற்றைவிட அதன் பயம்தான் அதை முதலில் கொல்லும்.

நாடோடி_கரோலினா
டாக்டரம்மா சொன்ன பயத்தைப் பற்றி ஒரு விஷயம். நான் இருப்பது தெற்குக் கரோலினாவில். இங்கே மார்ஷ் டாக்கி என்று ஓர் இனம், ஸ்பானியர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தது, 2010ல் மாநிலத்தின் மரபுக் குதிரை என்று சட்டம் போட்டார்கள். பார்க்கச் சோணியாக இருக்கும். அதன் பெருமையே சேற்றில் மாட்டினால் பதறாது என்பதுதான். துள்ளாது. பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, காலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு எழுந்துவிடும் என்று இங்கே வளர்க்கிறவர்கள் சொல்வார்கள். எடையைப் பரப்பிவிடுகிறது, வாத்தியார் சாருக்கு இது புரியும்.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சிஸ் மேரியன் என்று ஒரு தளபதி, சதுப்பு நரி என்று பட்டப்பெயர். பிரிட்டிஷாரை அடித்துவிட்டு, அவர்களுடைய குதிரைப்படை துரத்தும்போதெல்லாம் சதுப்புக்குள் நுழைந்து மறைந்துவிடுவார். அவருடைய ஆட்கள் ஏறியவை இந்தக் குதிரைகள்தான் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. உங்கள் அரசனுக்குக் குதிரை வேண்டும் என்று ஆரம்பித்தீர்கள் அல்லவா, அவன் தேடுவது வேகமான குதிரையை. அளற்றில் கிடைக்கப் போவது பதறாத குதிரை. அவனுக்கு அதன் மதிப்பு தெரியுமா?

அப்புறம் ஒரு சின்ன விஷயம். இங்கே வடகிழக்கில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் அந்தக் காலத்தில் உப்புச்சதுப்பில் புல் அறுக்கப் போகும் வண்டிக் குதிரைகளுக்குக் குளம்பில் அகலமான மரப்பலகைச் செருப்பு கட்டுவார்கள். அரசனின் குதிரைகள் அப்படிப் பலகை கட்டிக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று நடப்பதை அளற்றுக் குதிரைகள் மேட்டில் நின்று வேடிக்கை பார்க்கட்டும்.

அகம்புறம்
இத்தனை பேர் எங்கெங்கோ போய்விட்டீர்கள், வீட்டுக்குள்ளேயே இருப்பதை யாரும் சொல்லவில்லை. நெய்தல் திணையைப் புரட்டுங்கள். இரவில் உப்பங்கழி கடந்து வரும் தலைவனைத் தோழி தடுப்பாள். கழியில் முதலை உண்டு, சுறா உண்டு, வராதே என்பாள். அகநானூற்றில் கழிச்சுறா தாக்கிக் காலில் புண்பட்ட அத்திரி ஒன்று வருகிறது. அத்திரி என்றால் கோவேறு கழுதை. அது நடை தளர்ந்து நிற்கிறது, அதனால் இன்றிரவு இங்கேயே தங்கிப் போகலாமே என்று தோழி தலைவனைத் தங்க வைக்கப் பார்க்கிறாள். சேற்றுக்கழி, பல்லுள்ள மீன், நொண்டும் விலங்கு. உங்கள் பேரளறு அங்கேயே இருக்கிறது.

பெயரும் நல்ல பெயர். அளறு என்றால் சேறு, திருக்குறளில் நரகம். இரண்டு பொருளையும் கதைக்குள் விளையாட விடுங்கள். அரண்மனைக்காரன் அளறு என்றால் நரகம் என்று நடுங்கட்டும், உப்புக்காரப் பெண்ணுக்கு அது வெறும் சேறு. விளக்கிச் சொல்லித் தொலைக்காதீர்கள், அவரவர் பேச்சில் வரட்டும்.

மாயாவி72
சரி, முதலை என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். இத்தனை பேரும் சேறு சேறு என்கிறீர்கள், அபாயமான சதுப்பு என்றால் கொல்கிற மிருகம் எங்கே? மூன்று தலை முதலை ஒன்று வையுங்கள் தம்பி.

நாடோடி_கரோலினா
ஒரு தலை முதலைக்கே குதிரை அவ்வளவாக மசிவதில்லை. புளோரிடாவில் பெய்ன்ஸ் பிரெய்ரி என்ற சதுப்புவெளியில் 1985ல் குதிரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அங்கே அலிகேட்டர் என்ற முதலை வகை நிறைய. 2017ல் அங்கே ஒரு காணொளி எடுத்தார்கள், குதிரை ஒன்று ஓடிவந்து அலிகேட்டரை முன்காலால் மிதிக்கிறது. முதலை ஒதுங்கிப் போய்விட்டது. குட்டி இருக்கும் இடத்தில் குதிரை வேறு ஆள்.

டாக்டரம்மா
மாயாவி சார், கொல்கிற மிருகம் வேண்டுமா, நான் தருகிறேன். கண்ணுக்குத் தெரியாது. தேங்கிய சூடான தண்ணீரில் பித்தியம் என்ற உயிரி இருக்கும், பார்க்கப் பூஞ்சை மாதிரி, ஆனால் பூஞ்சை இல்லை, அதனால் பூஞ்சை மருந்துக்குச் சரியாகக் கேட்காது. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். குதிரையின் காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் தேடிவந்து ஒட்டிக்கொள்ளும். புண் நாளுக்கு நாள் வளரும், உள்ளே பவளத்துண்டு போல மஞ்சள் கட்டிகள் இருக்கும், அரிப்பு தாங்காமல் குதிரை தன் காலைத் தானே கடிக்கும். சதுப்புப் புற்று என்பார்கள். அமெரிக்காவில் சிங்கோடீக் என்ற தீவுப்பக்கத்து மட்டக்குதிரைகளில் ஏழு 2018 முடிவதற்குள் இதில் போயின. மூன்று தலை முதலையைவிட இது பரவாயில்லையா?

கொசுவும் குதிரை ஈயும் தனி. அசட்டீக் தீவுக் குதிரைகள் ஈக்கடி தாங்காமல் கடல் அலைக்குள் போய் நிற்கும். 2019ல் டிம் கேரோ என்ற ஆய்வாளரின் குழு குதிரைகளுக்கு வரிக்குதிரைக் கோடு போட்ட போர்வை போர்த்திப் பார்த்தது, அதன்மேல் ஈ குறைவாகத்தான் உட்கார்ந்தது. அளற்றுக் குதிரைக்கு ஏதாவது அதிசயம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் காலில் கோடு கொடுங்கள், காரணத்தோடு இருக்கும்.

நாடோடி_கரோலினா
அதே அசட்டீக் குதிரைகள் உப்புப்புல்லைத் தின்று அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதால் வயிறு உப்பிக்கொண்டு திரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாமே சினையாக இருக்கின்றன என்று நினைப்பார்கள். அரசனின் ஆட்களும் அப்படி ஏமாறலாம்.

ஏட்டுப்பூச்சி
மூன்று நாளாக இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குளம்பில் அதிசயம் எதுவும் வைக்கப் போவதில்லை. கீழக்காட்டான் முதலிலேயே சொன்னதுதான் விடை, நான்தான் கவனிக்கவில்லை. குதிரைகள் புதையாமல் இருப்பதற்குக் காரணம் எங்கே கால் வைக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும் என்பது மட்டுமே. அந்தப் பாதை ஒரு கிழட்டுப் பெட்டைக்குத் தெரியும். அதன் பின்னால் போய்ப் போய்க் குட்டிகள் கற்றுக்கொள்கின்றன. ஆறுகள் ஆண்டுதோறும் மேட்டை இடம் மாற்றுகின்றன, ஆகவே ஆண்டுதோறும் புதிதாகக் கற்க வேண்டும்.

படைத்தலைவன் கூட்டத்தைப் பார்க்கிறான். தலைமை ஆண்தான் என்று நினைத்து அதைப் பிடிக்க நாலு பேரைப் பலி கொடுக்கிறான். கிழட்டுப் பெட்டையை உபயோகமில்லாதது என்று வில்லால் அடித்து, படைக்கு இறைச்சியாக்கிவிடுகிறான். மறுநாள் காலை முந்நூறு குதிரைகள் ஒரே மேட்டில் நிற்கின்றன. நகர மாட்டேன் என்கின்றன. தண்ணீர் ஏறுகிறது. உப்புக்காரப் பெண் மட்டும் என்ன நடந்துவிட்டது என்று புரிந்துகொள்கிறாள்.

குமிழிக் காட்சியை வெட்டிவிட்டேன். கொஞ்சம் அழுகை வந்தது.

டாக்டரம்மா
அருமை. ஒரே திருத்தம். ஒரே பெட்டை எப்போதும் முன்னால் போகும் என்று கட்டுச்செட்டாக எழுதாதீர்கள். காட்டுக் குதிரைக் கூட்டத்தில் ஓர் ஆண், சில பெட்டைகள், குட்டிகள் என்று சின்னச் சின்னக் குடும்பங்களாக இருக்கும். யார் முதலில் நகர்வது என்பது மாறிக்கொண்டே இருக்கும், வயதான பெட்டையின் பின்னால் போவது அடிக்கடி நடக்கும், அவ்வளவுதான். முந்நூறு குதிரைக்கு ஒரு கிழவி போதாது, குடும்பத்துக்கு ஒருத்தி வேண்டும். எல்லாக் கிழவிகளும் ஒரே நாளில் சாக ஒரு காரணம் கண்டுபிடியுங்கள்.

கீழக்காட்டான்
காரணம் சுலபம். படைக்கு இறைச்சி வேண்டும், ஓட முடியாதது எதுவோ அதைத்தான் முதலில் அடிப்பார்கள். கிழடுகள்தான் பின்தங்கும்.

இன்னொன்று, தண்ணீர் ஏறுவதை மழையாக வைக்காதீர்கள், புயலாக வையுங்கள். 2018 நவம்பரில் கஜா வந்து போன மறுநாள் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. மேடு தெரிந்த விலங்குக்கும் அன்றைக்கு மேடு இல்லை. மானும் செத்தது, குதிரையும் செத்தது. அதற்கப்புறமும் காட்டுக்குள் குதிரைகள் இருக்கின்றன. தப்பித்தவை எங்கே நின்றிருந்தன என்று நான் நிறைய நாள் யோசித்ததுண்டு.

ஏட்டுப்பூச்சி
அண்ணே, இதைக் கேட்பது சரியா தெரியவில்லை. கதையில் அந்த இரவை எழுதினால் உங்களிடம் அனுப்பிப் படிக்கச் சொல்லலாமா?

கீழக்காட்டான்
அனுப்புங்கள். தை பிறக்கட்டும், இப்போது அறுவடை.

அகம்புறம்
குட்டி ஈனும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சினை பதினோரு மாதம். வெள்ளத்தில் ஈன்றால் குட்டி நிற்க இடமிருக்காது. படை எந்த மாதம் உள்ளே போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

மாயாவி72
சரி சரி, தோற்றுவிட்டேன். அந்த வாத்துக்கால் குதிரை இனி உங்களுக்கு வேண்டாம்தானே? எனக்குக் கொடுத்துவிடுங்கள், என்னிடம் ஒரு ஏரி சும்மா கிடக்கிறது.

ஏட்டுப்பூச்சி
எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. என் மனைவி கண்ணில் மட்டும் பட்டுவிட வேண்டாம்.